மகாராஜா கைமாறிய வரலாறு

2021ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். கொரோனா நோயினால் நெடுநாள் மூடிக்கிடந்த பள்ளிகளில் மேல்வகுப்புகள் மட்டும் திறக்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. பத்தாம் வகுப்பில் சமூக அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஏர் இந்தியா நிறுவனம் டாட்டா குழுமத்துக்கு விற்கப்பட்ட செய்தி நாளிதழில் பெரிய எழுத்தில் வந்திருந்தது. அதனை மாணவர்க்குப் படித்துக் காட்டியபோது கடைசி வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "சார், இனிமேல் அங்கே நமக்குக் கோட்டா உண்டா?" என்று கேட்டாள். "இல்லை" என்றேன். விடை ஒரே சொல்லில் முடிந்துவிட்டது. ஆனால் அக்கேள்விக்கு அந்த ஒரு சொல் போதாது என்ற எண்ணம் என்னைவிட்டு நீங்கவில்லை. நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் கேட்டபோது, அன்று சொல்லாமல் விட்ட மீதி விடையை எழுதலாம் எனத் துணிந்தேன்.

விமானத்தில் ஏறியே அறியாத நமக்கு விமானக் கம்பெனி யாரிடம் இருந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். என் தந்தையார் தம் ஆயுளில் விமானத்தை வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்ததன்றி அருகே கண்டவரல்லர். ஆனால் ஒரு விமானம் மேலே பறக்க, கீழே பல நூறு பேர் உழைக்க வேண்டும். மூட்டை ஏற்றுவோர், துப்புரவு செய்வோர், இயந்திரம் பழுது பார்ப்போர், கணக்கெழுதுவோர், சீட்டுக் கொடுப்போர் எனப் பலர். அவ்வேலைகளுக்கு மாதச் சம்பளமும், வைப்பு நிதியும், மருத்துவ வசதியும், குடியிருப்பும் இருந்தன. அவற்றில் நமக்கும் ஒரு பங்கு உண்டென்று அரசின் ஆணை கூறிற்று. ஆகவே இது நம் வரலாறும்தான்.

இந்தக் கம்பெனியைத் தொடங்கியதும் டாட்டாவே என்பதைப் பலர் அறிவர். ஜே.ஆர்.டி. டாட்டா 1929இல் இந்தியாவில் விமானம் ஓட்டும் முதல் உரிமத்தைப் பெற்றவர். 1932 அக்டோபர் 15ஆம் நாள் கராச்சியிலிருந்து தபால் மூட்டையை ஏற்றிக்கொண்டு, ஒற்றை இயந்திரம் பூட்டிய சிறிய பஸ் மாத் விமானத்தில் அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜூஹு திடலில் வந்திறங்கினார். அங்கிருந்து அத்தபாலை நெவில் வின்சென்ட் என்னும் விமானி பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். நம் சென்னை மாநகரமே இந்நிறுவனத்தின் முதல் வழித்தடத்தின் முடிவிடம் என்பது நினைவில் வைக்கத்தக்கது. 1946இல் டாட்டா ஏர்லைன்ஸ் பொதுப் பங்குக் கம்பெனியாகி ஏர் இந்தியா எனப் பெயர் பெற்றது. தலைப்பாகையும் பெரிய மீசையுமாய் வணங்கி நிற்கும் மகாராஜா சின்னமும் அவ்வாண்டிலேயே பிறந்தது. அயல்நாடு செல்ல 1948இல் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் என்னும் கம்பெனி அமைந்தபோது அரசு 49 விழுக்காடு பங்கு எடுத்தது. அவ்வாண்டு ஜூன் 8ஆம் நாள் ‘மலபார் பிரின்சஸ்’ என்ற விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியே இலண்டனுக்குப் புறப்பட்டது.

இனி நாட்டுடைமைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற டக்கோட்டா விமானங்கள் மலிவு விலைக்குக் கிடைத்தன. பணம் படைத்தோர் பலர் அவற்றை வாங்கிக் கம்பெனி தொடங்கினர். அரசும் உரிமங்களை வாரி வழங்கியது. இருந்த பயணிகளோ சிலர். பறந்த கம்பெனிகளோ பல. சில ஆண்டுகளில் சில கம்பெனிகள் மூடப்பட்டன. எஞ்சியவையும் நட்டத்தில் தத்தளித்தன. தனியாரிடம் விட்டால் தொழில் தானே செழிக்கும் என்று இன்று பேசுவோர் இந்தப் பகுதியைப் படிக்காமலே தாண்டிவிடுகின்றனர்.

அப்போது செய்திப் போக்குவரத்து அமைச்சராய் இருந்தவர் பாபு ஜெகஜீவன்ராம். பீகாரில் சந்துவா என்ற சிற்றூரில் தாழ்த்தப்பட்ட குடும்பத்திற் பிறந்து, பள்ளியில் நம் குழந்தைகளுக்கெனத் தனியே வைத்த தண்ணீர்ப் பானையைச் சிறுவயதிலேயே உடைத்தவர் எனப் போற்றப்படுபவர். 1953இல் விமானக் கழகங்கள் சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றியவர் அவரே. அச்சட்டத்தின்படி அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாளில் உள்நாட்டில் பறந்த எட்டுக் கம்பெனிகளும் ஒன்றாக்கப்பட்டு இந்தியன் ஏர்லைன்ஸ் கழகம் ஆயின. அயல்நாட்டுப் பறப்புக்கு ஏர் இந்தியா இன்டர்நேஷனல் தனிக் கழகம் ஆயிற்று. தம்மைக் கலந்து பேசாமலே முடிவெடுத்துவிட்டனர் என்று ஜே.ஆர்.டி. டாட்டா மனம் வருந்தினார். பிரதமர் நேரு அவருக்குக் கடிதம் எழுதிச் சமாதானம் கூறினார். டாட்டாவே அரசுக் கழகத்தின் தலைவராகவும் அமர்த்தப்பட்டார். நாட்டின் பெருஞ்செல்வரின் கம்பெனியை அரசுடைமையாக்கும் சட்டத்தைத் தண்ணீர்ப் பானை மறுக்கப்பட்ட ஒருவர் கொண்டுவந்தார் என்ற செய்தியை நம் பாடநூல்களில் நான் கண்டதில்லை. ஆகையால் அதனை இங்கே சற்று விரித்தே எழுதினேன்.

இதற்கு ஆறாண்டு முன்னரே, 1947இல், அண்ணல் அம்பேத்கர் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்னும் விண்ணப்பத்தில் முதன்மையான தொழில்களை அரசே உடைமையாகக் கொண்டு நடத்த வேண்டும் என்றும், காப்பீட்டுத் தொழில் அரசுக்கே உரியதாதல் வேண்டும் என்றும் கேட்டிருந்தார். முதலாளியின் தயவில் வாழ்பவனுக்கு அரசமைப்புச் சட்டம் தரும் உரிமைகள் ஏட்டளவில் நின்றுவிடும் என்பது அவர் அச்சம். அவர் கேட்டபடி அரசமைப்பில் அது எழுதப்படவில்லை. ஆயினும் பொதுத்துறை வளர்ந்தது. அதனோடு ஒதுக்கீடும் வளர்ந்தது. தாழ்த்தப்பட்டோர்க்கு 15 விழுக்காடு, பழங்குடியினர்க்கு 7.5 விழுக்காடு என்னும் விதி அரசு அலுவலகங்களுக்கு மட்டுமன்றி அரசு நிறுவனங்களுக்கும் ஆணையாயிற்று. மண்டல் வழக்கின் தீர்ப்புக்குப் பின் 1993இல் பிற்படுத்தப்பட்டோர்க்கு 27 விழுக்காடும் சேர்ந்தது.

அரசுடைமையான பின் முதல் கால் நூற்றாண்டு அந்நிறுவனத்தின் பொற்காலம் எனலாம். 1960இல் போயிங் 707 வந்தது. 1962இல் விசிறி விமானங்களை முற்றிலும் விட்டு ஜெட் விமானங்களை மட்டுமே ஓட்டும் நிறுவனமாயிற்று. 1971இல் ‘எம்பரர் அசோகா’ என்னும் ஜம்போ ஜெட் வந்தது. அதே அசோகா 1978 புத்தாண்டு நாளில் பம்பாய்க் கடலில் விழுந்து 213 பேர் மாண்டனர். அதையடுத்த மாதமே மொரார்ஜி தேசாய் அரசு டாட்டாவைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. 1985இல் ‘கனிஷ்கா’ விமானம் அயர்லாந்துக்கு அருகே கடலின்மேல் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டு 329 உயிர்கள் போயின. 1990இல் ஈராக் படை குவைத்தைக் கைப்பற்றியபோது, அங்கே சிக்கிய இந்தியரில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை ஜோர்டான் நாட்டு அம்மானிலிருந்து ஏற்றிவந்தது இந்த அரசு நிறுவனமே. அவர்களில் பெரும்பாலோர் கூலிக்குப் போனவர்கள் என்பதை மறத்தலாகாது. இலாபக் கணக்கு மட்டும் பார்க்கும் கம்பெனி அப்பணியைச் செய்திருக்குமா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

1991க்குப் பின் காற்று மாறியது. தனியார் விமானங்களுக்கு வானம் திறந்துவிடப்பட்டது. 1994இல் ஜெகஜீவன்ராம் கொண்டுவந்த சட்டமே நீக்கப்பட்டு இரு கழகங்களும் கம்பெனிகள் ஆயின. கழகம் என்பது நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்தது. அதனை விற்கச் சட்டத்தையே மாற்ற வேண்டும். கம்பெனியின் பங்கையோ விலை பேசலாம். விற்பனைக்கு வாசல் அன்றே திறந்துவிட்டது என்பது என் கருத்து.

முதல் முயற்சி 2000ஆம் ஆண்டில் வாஜ்பாய் அரசால் செய்யப்பட்டது. ஏர் இந்தியாவின் 60 விழுக்காட்டை விற்பதென்றும், அதில் 40 விழுக்காட்டை ஒரே கூட்டாளிக்குத் தருவதென்றும் முடிவாயிற்று. டாட்டாவும் சிங்கப்பூர் ஏர்லைன்சும் சேர்ந்து முன்வந்தன. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, ஆளுங்கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. 2001 செப்டம்பரில் சிங்கப்பூர் நிறுவனம் விலகிக்கொண்டது. விற்பனை நின்றது.

இதன் பிறகு நடந்தவையே நிறுவனத்தை வீழ்த்தின. நம் இளைஞர் இதனை ஊன்றிப் படித்தல் நலம். ஏனெனில் அரசு நிறுவனம் நட்டத்தில் ஓடியதற்குக் காரணம் ஊழியர் சோம்பல் என்றும், ஒதுக்கீட்டில் வந்தோரின் தகுதிக் குறைவு என்றும் பேசுவோரை நீங்கள் நாளும் சந்திப்பீர்கள். 2005, 2006 ஆண்டுகளில் இரு நிறுவனங்களுக்குமாக 111 புதிய விமானங்கள் வாங்க ஆணை கொடுக்கப்பட்டது. அதாவது போயிங் 68, ஏர்பஸ் 43. கையில் முதல் இல்லாமல் பெரும்பாலும் கடனை நம்பியே அவை வாங்கப்பட்டன. 2007இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்சும் இணைக்கப்பட்டன. சம்பள விகிதம் வேறு, பதவி உயர்வு விதி வேறு, கணினி முறை வேறு, விமான வகை வேறு என்றிருந்த இரு வீடுகளுக்கு ஒரே கூரை போட்டனர். உள்ளே சுவர் அப்படியே நின்றது. 2011லும் 2012லும் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தமைக்கு அச்சுவரே பெருங்காரணம். வளைகுடா நாட்டு விமானங்களுக்கு நம் ஊர்களிலிருந்து ஏராளமான இருக்கைகளை ஏற்றிச்செல்லும் உரிமையும் அக்காலத்தே தாராளமாய் வழங்கப்பட்டது. 2011இல் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அளித்த அறிக்கை விமானக் கொள்முதலையும், இணைப்பையும், இவ்வுரிமைத் தாராளத்தையும் கண்டித்தே எழுதிற்று. இவற்றுள் எந்த முடிவை மூட்டை தூக்குபவன் எடுத்தான்? எந்தக் கோப்பில் துப்புரவுத் தொழிலாளி கையொப்பமிட்டான்?

அதற்காக நிறுவனத்தின் குறைகளை மூடி மறைக்க வேண்டுவதில்லை. விமானங்கள் நேரந்தவறிப் புறப்பட்டதும், அமைச்சர்களும் அதிகாரிகளும் அதனைச் சொந்த வண்டிபோல் எண்ணியதும், நிர்வாகத் தலைவர்கள் அடிக்கடி மாற்றப்பட்டதும் ஊரறிந்தவை. 2012இல் மத்திய அரசு 2021 வரையிலான காலத்துக்கு 30,231 கோடி ரூபாய் முதல் தருவதாக ஒப்பியது. ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றியது போலவே அது முடிந்தது. மக்கள் வரிப்பணம் அவ்வாறு போவதைக் கண்டு பொதுத்துறையை விரும்புவோரும் வாய் மூடி நிற்க நேர்ந்தது. அதே வேளையில், தனியார் கையிலிருந்தவை தழைத்தன என்றும் சொல்வதற்கில்லை. கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019இல் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023இல் நின்றது. அவற்றின் ஊழியர்கள் சம்பள பாக்கிக்காகத் தெருவில் நின்ற படங்களை நாம் பார்த்தோம்.

2017 ஜூனில் மோடி அரசு விற்பதெனக் கொள்கை முடிவு செய்தது. 2018 மார்ச்சில் 76 விழுக்காட்டுப் பங்கை விற்க விளம்பரம் வந்தது. வாங்குபவர் ஏறத்தாழ 33,000 கோடி ரூபாய்க் கடனையும் சுமக்க வேண்டும்; அரசு 24 விழுக்காட்டோடு உள்ளேயே இருக்கும் என்பன நிபந்தனைகள். மே 31 மாலை வரை ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. பெண் பார்க்க வருபவரிடம், கடனையும் கட்டு, மாமனாரையும் வீட்டில் வைத்துக்கொள் என்றால் யார் வருவர்? 2020 ஜனவரியில் நிபந்தனைகள் தளர்த்தப்பட்டு நூறு விழுக்காடும் ஏலத்துக்கு வந்தது. பின்னர் கடனில் எவ்வளவு ஏற்பது என்பதையும் கேட்பவர் விருப்பத்துக்கே விட்டனர். 2021 அக்டோபர் 8ஆம் நாள் முடிவு வெளியாயிற்று. அரசு வைத்த அடிப்படை விலை 12,906 கோடி. அஜய் சிங் குழுவினர் 15,100 கோடி கேட்டனர். டாட்டாவின் தாலேஸ் கம்பெனி 18,000 கோடி கேட்டு வென்றது.

கரும்பலகையில் மாணவர்க்கு நான் போட்டுக் காட்டிய கணக்கை இங்கும் எழுதுகிறேன். 18,000 கோடியில் டாட்டா ஏற்ற கடன் 15,300 கோடி. அரசின் கைக்கு வந்த ரொக்கம் 2,700 கோடி. 2021 ஆகஸ்டு இறுதியில் நிறுவனத்தின் மொத்தக் கடன் 61,562 கோடி. மீதமிருந்த 46,262 கோடி எங்கே போயிற்று? அதற்கென அமைத்த வேறோர் அரசுக் கம்பெனியின் தலையில் ஏற்றப்பட்டது. 14,718 கோடி மதிப்புள்ள நிலமும் கட்டடமும் விற்பனையில் சேராமல் அக்கம்பெனிக்கே வந்தன என்பதையும் நேர்மையாய்ச் சொல்ல வேண்டும். அவ்வாண்டு டிசம்பரில் அந்தப் பழைய கடன்களையும் பாக்கிகளையும் தீர்க்க 62,057 கோடி ரூபாய்க்கு நாடாளுமன்றத்தில் துணை மானியக் கோரிக்கை வைக்கப்பட்டது. நாள்தோறும் 20 கோடி நட்டம் தந்த சுமை இனி இல்லை என்பது அரசின் வாதம். அவ்வாதத்தில் வலுவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பசுவை விற்றவன் தீவனக் கடனைத் தானே கட்டினான் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம். 2022 ஜனவரி 27ஆம் நாள் நிறுவனம் கைமாறியது.

இனி நம் பங்குக்கு வருவோம். விற்பனை அறிவிக்கப்பட்ட நாளில் ஏர் இந்தியாவில் 12,085 பேர் வேலையில் இருந்தனர். அவர்களுள் நிரந்தர ஊழியர் 8,084 பேர். ஒப்பந்த ஊழியர் 4,001 பேர். 8,084இல் 15 விழுக்காடு என்றால் 1,212 இடங்கள் தாழ்த்தப்பட்டோர்க்கும், 7.5 விழுக்காடு என்றால் 606 இடங்கள் பழங்குடியினர்க்கும் உரியவை. இது விதி சொல்லும் அளவு. அத்தனை பேரும் அங்கே இருந்தனர் என்று பொருளன்று. மூன்றில் ஒரு பங்கினர் ஒப்பந்தத்தில் இருந்தமையைப் பார்க்கும்போது, விற்பதற்கு முன்னரே நம் பங்கு கசியத் தொடங்கிவிட்டது என்று கருத இடமுண்டு. மேலும் விமானியாகப் பயிற்சி பெறப் பல இலட்சம் செலவாகும் நாட்டில், அப்பதவியில் ஒதுக்கீடு இருந்தும் அது நம் தெருவுக்கு எத்தனை முறை வந்தது என்பது வேறு கேள்வி. ஆயினும் ஓர் உரிமை அரைகுறையாய் இருப்பதும் அறவே இல்லாதிருப்பதும் ஒன்றல்ல. அரைகுறையாய் இருந்தால் பின்னடைவுப் பணியிடம் எத்தனை என்று கேட்டு மனுக் கொடுக்கலாம், ஆணையத்திடம் போகலாம். இல்லாதபோது கேட்பதற்கு முகவரியே இல்லை.

விற்பனை ஒப்பந்தத்தில் ஓராண்டுக்கு எவரையும் நீக்கலாகாது என்றும், இரண்டாம் ஆண்டில் நீக்குவதாயின் விருப்ப ஓய்வுத் திட்டம் தர வேண்டும் என்றும் விதிகள் இருந்தன. பம்பாய்க் கலினா முதலிய ஊழியர் குடியிருப்புகளைக் காலி செய்யச் சொன்னது பெரும் வழக்காயிற்று. ஓராண்டுக் காப்பு வேலையில் இருந்தவர்க்கு. இனிமேல் வேலைக்கு வரவேண்டியவர்க்கு, அதாவது அன்று என் வகுப்பில் உட்கார்ந்திருந்தோர்க்கு, அவ்வொப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. அரசுக் கம்பெனியாய் இருந்தவரையில்தான் ஒதுக்கீட்டு ஆணை அதன்மேல் பாயும். தனியார் துறையில் ஒதுக்கீடு வேண்டும் என்ற பேச்சு 2004 முதல் மத்தியில் நடைபெற்றது; சட்டம் வரவில்லை.

மற்றொன்றும் போயிற்று. ஏர் இந்தியாவின் பழைய ஊழியர் சிலர், பதவி உயர்வும் சம்பள உயர்வும் தமக்கு முறையாகத் தரப்படவில்லை என்று விற்பனைக்குப் பல ஆண்டுகள் முன்னரே பம்பாய் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனுத் தாக்கல் செய்திருந்தனர். அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி ‘அரசு’ என்ற சொல்லுக்குள் அடங்கும் நிறுவனத்தின்மீதே அடிப்படை உரிமை கோரி இவ்வாறு வழக்காட இயலும். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே நிறுவனம் கைமாறிவிட்டது. 2022இல் உயர்நீதிமன்றமும், 2024 மே 16ஆம் நாள் உச்சநீதிமன்றமும், ஏர் இந்தியா இப்போது அரசு அன்று. ஆகவே இம்மனுக்கள் நில்லா என்று தீர்ப்பளித்தன. வேறு சட்ட வழிகளை நாடிக்கொள்ளத் தடையில்லை என்றனர். மனுப் போட்ட நாளில் அரசாக இருந்த நிறுவனம், தீர்ப்பு நாளில் தனியாராகிவிட்டது. சட்டம் பயிலும் நம் இளைஞர் இத்தீர்ப்பை முழுவதும் படிக்க வேண்டுகிறேன்.

புதிய உரிமையாளர் 2023 பிப்ரவரியில் 470 விமானங்களுக்கு ஆணை கொடுப்பதாய் அறிவித்தனர். 2024 நவம்பரில் விஸ்தாரா நிறுவனம் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது, 2001இல் விலகிப்போன அதே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 25.1 விழுக்காட்டுப் பங்கோடு உள்ளே வந்து சேர்ந்தது. 2025 ஜூன் 12ஆம் நாள் அகமதாபாத்தில் நேர்ந்த கொடிய விபத்தில் விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவரே பிழைத்தார். உடைமை மாறியதையும் அவ்விபத்தையும் முடிச்சுப் போட்டுப் பேசுவது முறையாகாது.

அன்று கேள்வி கேட்ட மாணவி பத்தாம் வகுப்புத் தேறிப் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பட்டயம் முடித்துவிட்டாள். சில மாதங்களுக்கு முன் என்னைப் பார்க்கப் பள்ளிக்கு வந்தாள். விமான நிலையப் பணி ஒன்றுக்குத் தனியார் கம்பெனி ஒன்று கொடுத்திருந்த விளம்பரத்தைக் காட்டி, சான்றொப்பம் கேட்டாள். வாங்கிப் படித்தேன். வயது, கல்வித் தகுதி, உயரம், ஆங்கிலப் பேச்சு, இரவுப் பணிக்கு இசைவு ஆகியவை எல்லாம் இருந்தன. இனச் சுழற்சி என்னும் பத்தியைத் தேடினேன். "அது இதில் இருக்காது சார்" என்று அவளே சொன்னாள். சாதிச் சான்றிதழ் நகலை உறையிலிருந்து தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்றவற்றில் கையெழுத்திட்டு முத்திரை வைத்துக் கொடுத்தேன். விண்ணப்பத்தை அன்றே அனுப்பிவிட்டாள்.